எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி வாசிப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொகுதி எம்.பி.யைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பேசிய விவாதங்கள் இத்தனை, தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானாகக் கொண்டுவரும் மசோதா) ஒன்றுமில்லை என்று நாலு எண்கள். எந்த மசோதாவை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்பது அதில் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை, சில நாடுகளில் பெயரைப் போட்டாலே எல்லாம் வந்துவிடுகிறதே, இங்கே மறைக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: அவையில் செய்த வேலையை வைத்து ஒரு எம்.பி.யை எடைபோட முடியுமா, முடியும் என்றால் எதைப் பார்த்து?

நான் சில ஆண்டுகள் டெல்லியில் ஒரு மக்களவை உறுப்பினரிடம் நாடாளுமன்ற உதவியாளராக இருந்தேன். கேள்விகளுக்கு வரைவு எழுதுவது, மசோதா வந்தால் குறிப்பு தயாரிப்பது, பழைய அவைக் குறிப்புகளைத் தோண்டி எடுப்பது, இதுதான் வேலை. அதனால் மக்களவை நடைமுறையைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மாநிலங்களவை எனக்கு வெளியிலிருந்து பார்த்துப் பழக்கம், சட்டமன்றத்துக்குள் வேலை பார்த்ததில்லை. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

யாரும் மறைக்கவில்லை. பெரும்பாலான மசோதாக்களில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே உருவாவதில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை. மசோதா மீது விவாதம் முடிந்ததும் சபாநாயகர் கேட்பார், ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்பார்கள், எந்தக் குரல் ஓங்கியிருந்தது என்று சபாநாயகர் தன் காதை வைத்து முடிவு சொல்வார். இதுதான் குரல் வாக்கெடுப்பு. அந்த முடிவை யாராவது ஒரு உறுப்பினர் ஏற்க மறுத்து டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் அடுத்த கட்டம். மணி மூன்றரை நிமிடம் அடிக்கும், லாபியிலும் மைய மண்டபத்திலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள், கதவுகளைச் சாத்துவார்கள், அப்புறம் ஒவ்வொருவரும் தன் இருக்கையில் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. பழைய அவையில் ஒரு கையால் வாக்குப் பொத்தானையும் மறு கையால் இன்னொரு சுவிட்சையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், முன்னதாகவே கையை எடுத்துவிட்டால் வாக்கு பதியாது. இப்படி நடந்தால் மட்டுமே பெயர் வாரியான பதிவு வரும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடிவை அறிவித்துவிடலாம், அப்போது பெயர்கள் பதிவாகாது என்று விதி 367 சொல்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், நாட்டையே உலுக்கிய விஷயங்களில்கூட உங்கள் எம்.பி.யின் வாக்கு எந்தத் தாளிலும் இல்லாமல் போகிறது. வேளாண் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் அவற்றில் இரண்டு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. திருச்சி சிவா உள்ளிட்ட சிலர் டிவிஷன் கேட்டார்கள். அவையில் பெரும் அமளி. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்துகொண்டு கேட்கவில்லை என்பது அவைத் தலைமையின் விளக்கம், இருக்கையில் இருந்துதான் கேட்டோம் என்பது அவர்கள் பதில். யார் சொன்னது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அந்தச் சட்டங்களை மாநிலங்களவையில் எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதற்கு இன்றைக்கும் எண்ணிக்கை கிடையாது. 2023 ஆகஸ்டில் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியதும் அப்படித்தான். அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆகியிருந்தார்கள்.

சரி, பெயர் எப்போது நிச்சயமாகக் கிடைக்கும்? அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கட்டாயம் கிடைக்கும். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்று 368ஆவது பிரிவு சொல்வதால் எண்ணியே ஆக வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தந்த திருத்தம் 2019 ஜனவரியில் மக்களவையில் 323க்கு 3 என்று நிறைவேறியது, அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்திருந்தார்கள். பெண்கள் இடஒதுக்கீடு 2023 செப்டம்பர் 20 அன்று 454க்கு 2. இவை தவிர, எதிர்க்கட்சி பிடிவாதமாக டிவிஷன் கேட்டு வாங்கிய சாதாரண மசோதாக்களுக்கும் கிடைக்கும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு மாநிலங்களவையில் அதிமுக ஆதரவாக வாக்களித்ததும், 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது, அன்றைக்கு டிவிஷன் நடந்ததால்தான்.

தேடும் முறை இது. நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ சன்சத் இணையதளத்தில் அந்தத் தேதிக்கான அவை விவாதத்தின் முழுப் பதிவை இறக்குங்கள். மசோதா முடியும் இடத்துக்கு அருகில் ‘டிவிஷன் எண் 1’ என்று தலைப்பிட்டு, நேரம் குறித்து, ஆதரவு ஒரு பட்டியல், எதிர்ப்பு ஒரு பட்டியல் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். வரிசை குடும்பப் பெயரை வைத்து. டி.ஆர். பாலு என்றால் ‘பாலு, திரு டி.ஆர்.’ என்று இருக்கும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல்தான் உண்டு என்பதால் எந்தப் பாதி முன்னால் வரும் என்று சொல்ல முடியாது, ஒன்றிரண்டு எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்க்க வேண்டும். பட்டியலுக்குக் கீழே ‘திருத்தங்களுக்கு உட்பட்டு’ என்று தொடங்கும் ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். பொத்தான் வேலை செய்யாதவர்களும் தவறாக அழுத்தியவர்களும் சீட்டு மூலம் திருத்துவார்கள், அவர்கள் பெயர் தனியாக அங்கே இருக்கும். இது சின்ன விஷயமில்லை. ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 2024 டிசம்பர் 17 அன்று அறிமுகம் செய்தபோது மின்னணுப் பலகை முதலில் காட்டியது 220க்கு 149, சீட்டுகளையும் சேர்த்த பிறகு 269க்கு 198. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் எம்.பி. வரவேயில்லை என்று எழுதினால் அவருக்கு அநியாயம் செய்தவராவீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாக்கைக் கண்டுபிடித்தாலும், அது பெரும்பாலும் உங்கள் எம்.பி.யைப் பற்றி எதுவும் சொல்லாது, அவர் கட்சியைப் பற்றித்தான் சொல்லும். 1985இல் 52ஆவது திருத்தம் மூலம் பத்தாவது அட்டவணை வந்தது, நாம் கட்சித்தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது. கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோகூட, முன் அனுமதி இல்லாமலும் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காமலும் போனால், பதவி பறிபோகலாம். பிரிட்டனில் கொறடாவை மீறினால் கட்சியில் இருந்து ஒதுக்கி வைப்பார்கள், ஆனால் எம்.பி. பதவி அப்படியே இருக்கும். அதனால் அங்கே ஒருவரின் வாக்குப் பட்டியலைப் பார்த்து அவருடைய மனசாட்சியைப் பற்றி ஏதாவது பேச முடிகிறது. இங்கே மூன்று கோடு போட்ட கொறடா, அதாவது கட்டாயம் வந்து கட்சி சொன்னபடி வாக்களிக்க வேண்டும் என்ற உத்தரவு, வந்துவிட்டால் கட்சியின் எம்.பி.க்கள் எல்லோருக்கும் ஒரே பொத்தான்தான். நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் மட்டும் இந்தக் கட்டாயத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1992இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கிலேயே சொன்னது. நடைமுறையில் கட்சிகள் சாதாரண மசோதாவுக்கும் கொறடா போடுகின்றன. என் கருத்தில் நம் நாடாளுமன்றத்தை மெலிய வைத்ததில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. இது கருத்துதான், கட்சி மாறிக் கவிழ்த்த காலத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்களுக்கும் நியாயம் உண்டு.

ஒவ்வொரு வாக்கும் கனத்த நாட்கள் இருந்திருக்கின்றன. 1970 செப்டம்பரில் மன்னர் மானியத்தை ஒழிக்கும் திருத்தம் மாநிலங்களவையில் 149க்கு 75 என்று வந்தது, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான இடைவெளி, தோற்றுப்போனது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று கவிழ்ந்தது. ஆனால் இவை அபூர்வம். கொறடாவை மீறினால் பதவி போய்விடும் என்பதும் எழுத்தில் இருக்கும் அளவுக்கு உறுதியில்லை, ஏனென்றால் முடிவு சபாநாயகர் கையில். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்பதுதான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதாவுக்கு மக்களவையில் 288க்கு 232. கூட்டினால் 520, அவையின் இடங்கள் 543. மீதியில் சபாநாயகர் உண்டு, காலி இடம் உண்டு, உடல்நிலை சரியில்லாதவர் உண்டு, வெளியூரில் இருந்தவர் உண்டு, வேண்டுமென்றே வராதவரும் இருக்கலாம். காரணத்தை அவைக் குறிப்பு எழுதுவதில்லை. வெளிநடப்பு என்றால் விவாதப் பதிவில் ‘இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினர்’ என்று ஒரு வரி இருக்கும், அந்த ‘வேறு சிலர்’ யார் என்று இருக்காது. வெளிநடப்பை எதிர்ப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும் கூடாது. சாதாரண மசோதாவில் வந்து வாக்களித்தவர்களின் பெரும்பான்மைதான் கணக்கு என்பதால், எதிர்த்து வாக்களிக்க வேண்டியவர் வெளியே போனால் அரசுக்கு வேலை சுலபமாகிறது. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு குறித்து மக்களவையில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அந்தக் கொள்கையை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தன. திமுகவும் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, ஆனால் வாக்கு அரசுக்குத்தான் போட்டது. எதிர்க்கட்சித் தீர்மானம் 218க்கு 253 என்று தோற்றது. பேச்சை மட்டும் படித்தால் ஒரு படம், வாக்கை மட்டும் பார்த்தால் வேறு படம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கட்சி என்ன கணக்குப் போட்டது என்று விளங்கும்.

அப்படியானால் தனி மனிதராக ஒரு எம்.பி. எங்கே தெரிவார்? கொறடா எட்டாத இடங்களில். நான் முதலில் பார்ப்பது பேச்சு. வேளாண் மசோதாக்களை மக்களவையில் அதிமுக ஆதரித்தது, மாநிலங்களவையில் அதே கட்சியின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் அவற்றை விமர்சித்துப் பேசினார். டிவிஷன் நடக்காததால் அவர் வாக்கு என்ன என்று தெரியாது, பேச்சு மட்டும் பதிவில் அப்படியே இருக்கிறது. இதை எந்த எண்ணிக்கை அட்டவணையும் காட்டாது, அங்கே அது ‘விவாதம்: 1’ என்று மட்டும் ஏறியிருக்கும்.

இப்போது அந்தப் படத்தில் இருந்த எண்களுக்கு வருகிறேன். இவை பெரும்பாலும் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு அவைத் தரவுகளில் இருந்து தொகுத்துத் தருபவை. தொகுப்பு நாணயமானது, அதைப் படமாக்கி அனுப்புகிறவர்கள்தான் பல சமயம் அடிக்குறிப்பை வெட்டிவிடுகிறார்கள். அடிக்குறிப்பில் முக்கியமானது, அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை என்பது. அமைச்சராக இருக்கும் எம்.பி.யின் பெயருக்கு எதிரே எண் இல்லாததைப் பூஜ்யம் என்று பரப்புவது பச்சைப் பொய். மற்றவர்களுக்கு வருகை என்பது அன்றைக்குக் கையெழுத்துப் போட்டார் என்பதுதான், அதற்குத் தினப்படி உண்டு, இப்போது 2,500 ரூபாய். காலையில் கையெழுத்திட்டு அரை மணியில் கிளம்பியவரும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தவரும் அந்த எண்ணில் ஒன்றுதான். மிகக் குறைந்த வருகை எதையோ சொல்கிறது, ஏன் என்று கேட்க வேண்டும். 85க்கும் 95க்கும் உள்ள வித்தியாசத்தில் நான் எதையும் வாசிக்க மாட்டேன். சஸ்பெண்ட் ஆன நாட்களும் இதில் குழப்பும். 2023 டிசம்பர் 14 அன்று அவையிலேயே இல்லாத அப்போதைய சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் சஸ்பெண்ட் பட்டியலில் வந்து, பிறகு நீக்கப்பட்டது. அதிகாரப்பூர்வப் பதிவிலும் இப்படிப் பிழை வரும்.

கேள்விகளைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை (அவையில் வாய்மொழியாகப் பதில் தருபவை) 20, குறியிடாதவை (எழுத்தில் மட்டும் பதில் தருபவை) 230. எது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கல். எம்.பி. கொடுத்த நோட்டீசில் எத்தனை தேறியது என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஒரே பொருளில் பலர் கேட்டால் சேர்த்து ஒரே கேள்வியாக்கிப் பல பெயர்களைப் போடுவார்கள், ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்று ஏறும். கேள்வியின் வடிவம் கிட்டத்தட்ட அச்சு மாதிரி. ‘(அ) இன்ன விஷயம் அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, (ஆ) ஆம் எனில் அதன் விவரங்கள், (இ) இல்லை எனில் காரணங்கள், (ஈ) அரசு எடுத்த நடவடிக்கைகள்.’ ஒரு துறையின் பெயரை மாற்றி மாற்றி இப்படி ஒரு நாளில் டஜன் கணக்கில் எழுதலாம், எழுதுகிறார்கள். எம்.பி. படித்துப் பார்க்காமலேயே அவர் பெயரில் நூற்றுக்கணக்கில் சேர முடியும். 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல கேள்வியை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு விளக்கம் தேவைப்படாது, பதில் எண்ணாக வரும். ‘ரயில்வே பணிகளை விரைவுபடுத்த அரசு நடவடிக்கை எடுக்குமா’ என்று கேட்டால் நான்கு பத்தி வாழ்த்துரை வரும். இன்ன பாதைக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கையகப்படுத்த வேண்டிய நிலம் எத்தனை ஹெக்டேர் பாக்கி என்று கேட்டால் அமைச்சகம் எண்ணைத் தந்தே ஆக வேண்டும், அல்லது ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் அது அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரில் அதே எம்.பி. அதே விஷயத்தின் மிச்சத்தைக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அந்த அலுவலகத்தில் யாரோ உண்மையாக வேலை செய்கிறார்கள். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சரை நேருக்கு நேர் துணைக் கேள்வி கேட்கலாம், அது உதவியாளர் எழுதித் தந்த தாளில் அடங்காது. பல நாட்களில் ஐந்தாறு கேள்விதான் வாய்மொழிக்கு வரும், அவை முடங்கினால் அதுவும் இல்லை. அதனால் துணைக் கேள்வி கிடைத்த நாளில் ஒருவர் எப்படிக் கேட்டார் என்று சன்சத் டிவி காணொளியில் பார்ப்பது அவரை அறிய நல்ல வழி.

விவாதங்களின் எண்ணிக்கையில் கட்சியின் கை இருக்கிறது. பேசும் நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள், யார் பேசுவது என்று கட்சி பெயர் கொடுக்கும். பெரிய கட்சியின் பின்வரிசை உறுப்பினருக்கு ஆண்டு முழுக்க ஓரிரு வாய்ப்புதான் வரலாம். ஓரிருவர் மட்டுமே உள்ள கட்சியின் எம்.பி. எல்லாவற்றிலும் பேசலாம், ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். பூஜ்ய நேரத்தில் (அவசரப் பொது விஷயங்களை எழுப்பும் நேரம்) எழுப்பியதும், விதி 377இன் கீழ் எழுத்தாக வைத்ததும் தொகுதிப் பிரச்சினைகளுக்கு உதவும், முழு மசோதா விவாதத்தோடு சமமாக எண்ண வேண்டாம். தமிழில் பேசியிருந்தால் பதிவில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு நட்சத்திரக் குறியோடு இருக்கும், மொழிபெயர்ப்பில் சூடு போய்விடும், முடிந்தால் காணொளியைக் கேளுங்கள். இந்தியில் பேசியது இந்தியிலேயே அச்சாகியிருக்கும், அது நம்மில் பலருக்குச் சிரமம்தான்.

தனிநபர் மசோதா பூஜ்யம் என்பதை வைத்து யாரையும் குறைத்துப் பேச மாட்டேன். 1952 முதல் இதுவரை சட்டமானவை 14தான், கடைசியாக ஆனது 1970இல். கொண்டுவருவதற்குப் பயன் உண்டு, ஒரு விஷயத்தைப் பொதுவெளிக்கு இழுக்கும். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, 45 ஆண்டுகளில் மாநிலங்களவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. திரும்பப் பெறச் சொன்னார்கள், அவர் வாக்கெடுப்பு வேண்டும் என்று உறுதியாக நின்றார். மக்களவையில் அது சட்டமாகவில்லை, பிறகு 2019இல் அரசின் சட்டம் வேறு வடிவில் வந்தது. அப்படி நின்றதுதான் ஒரு உறுப்பினரின் வேலை என்று நான் மதிக்கிறேன். அட்டவணையில் அதுவும் ‘1’, தலைப்பை மட்டும் மாற்றி அறிமுகப்படுத்திவிட்டு மறந்ததும் ‘1’.

படத்தில் சுத்தமாக இல்லாதது நிலைக்குழு (மசோதாக்களையும் துறைகளின் வேலையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு) வேலை, நாடாளுமன்றத்தின் உண்மையான உழைப்பு அங்கேதான் என்று அங்கே இருந்த எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். துறைவாரியாக 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையில் இருந்து 21, மாநிலங்களவையில் இருந்து 10. கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும், கேமரா கிடையாது, அதனால் அதிகாரிகளிடம் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி கறாராகக் கேட்பதைப் பார்க்கலாம். குழு அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பும் வந்தவர்கள் பெயரும் இருக்கும். மாற்றுக் கருத்து எழுதியிருந்தால் அதுவும் இருக்கும். வக்பு மசோதாவுக்கான கூட்டுக்குழு 2025 ஜனவரியில் 15க்கு 11 என்று அறிக்கையை ஏற்றது, திமுகவின் ஆ. ராசா, எம்.எம். அப்துல்லா உள்ளிட்டோரின் மாற்றுக் குறிப்புகள் அதோடு சேர்ந்தவை. ஒரு எம்.பி. தன் வாதத்தை ஷரத்து ஷரத்தாக எழுதிக் கையெழுத்திட்டிருப்பதை வேறெங்கும் இவ்வளவு முழுமையாகப் படிக்க முடியாது. வருத்தம் என்னவென்றால் 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17ஆவதில் 16 சதவீதம்தான். அங்கே உழைக்கத் தயாராக இருக்கும் உறுப்பினருக்கும் மசோதாவே வந்து சேராத நிலை.

தொகுதி மேம்பாட்டு நிதியை இதில் கலக்காதீர்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாகம் செயல்படுத்தும். பேருந்து நிழற்குடையும் வகுப்பறையும் தேவைதான், ஆனால் அது அவை வேலை இல்லை.

உங்கள் எம்.பி.யை நான் பார்ப்பதாக இருந்தால் இப்படிச் செய்வேன். மொத்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வேன், மீன்பிடித் தொழிலோ கைத்தறியோ நூறு நாள் வேலையோ, எதுவானாலும். அதில் அவர் பெயரில் இருக்கும் கேள்விகளை மட்டும் இறக்கிப் பதிலோடு சேர்த்துப் படிப்பேன், ஒரு மாலை நேரம் போதும். அந்தத் துறையின் குழுவில் அவர் இருக்கிறாரா, இருந்தால் கடைசி நான்கைந்து அறிக்கைகளின் கூட்டக் குறிப்பில் பெயர் வருகிறதா என்று பார்ப்பேன். அது சம்பந்தமான மசோதா வந்த நாளில் திருத்தம் ஏதாவது கொடுத்தாரா, டிவிஷன் கேட்டவர்களில் அவர் குரல் இருந்ததா என்று அன்றைய விவாதத்தைத் தேடுவேன். வாக்குப் பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்தால் நானாக முடிவு கட்டாமல், இன்ன தேதி, இன்ன மசோதா, இன்ன டிவிஷன் எண், நீங்கள் ஏன் வாக்களிக்கவில்லை என்று அவருடைய தொகுதி அலுவலகத்துக்கும் டெல்லி முகவரிக்கும் கடிதம் எழுதுவேன். இமெயிலைவிடக் கடிதம் நல்லது, பதிவாகும். இவ்வளவு குறிப்பாகக் கேட்டு வரும் கடிதங்கள் மிகக் குறைவு. நான் இருந்த அலுவலகத்தில் அப்படி ஒன்று வந்தால் அதைத் தனியாக எடுத்து உறுப்பினரின் மேசைக்கே கொண்டுபோவோம்.